கழுத்தில் ஒரு கட்டி… வலியே இல்லையா? அப்போ உஷார்! லிம்போமா பற்றி இதெல்லாம் தெரியுமா?

விருத்தாசலம், சிதம்பரம், நெய்வேலி, கும்பகோணம் என நாலு திசைக்கும் பஸ் பிரியும் இடம் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கழுத்தைத் தடவிப் பார்த்துவிடலாம், அக்குளையும் பார்த்துவிடலாம். அந்த ஒரு நிமிஷச் சோதனை ஏன் அவசியம் என்று கேட்டால், அதற்குள் இத்தனை ஆச்சரியங்கள்!

1. உங்கள் உடம்பில் இரண்டாவதாக ஒரு ஓட்டம் இருக்கிறது, தெரியுமா?

ரத்தம் தெரியும். நிணநீர்? ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, திசுக்களில் தேங்கும் நீர் தினமும் 2 முதல் 3 லிட்டர்! அதை மறுபடி ரத்தத்தில் கொண்டு சேர்க்கத் தனியாக ஒரு குழாய் வலை உடம்பெங்கும் ஓடுகிறது. வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போக சேத்தியாத்தோப்பிலிருந்து மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது. நிணநீருக்கோ இதயம் போல ஒரு மோட்டார் கிடையாது! நடக்கும்போதும், மூச்சு விடும்போதும் தசைகள் அழுத்துவதாலும், குழாய்ச் சுவர் தானே சுருங்குவதாலும்தான் அது மேலே ஏறுகிறது. இந்தக் குழாய்க்குள் ஒரு புழு குடியேறி ஓட்டத்தைக் கெடுத்தால் வருவதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த யானைக்கால்.

2. வழியெங்கும் சுமார் 600 காவல் சாவடிகள்!

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, நெஞ்சுக்குள், வயிற்றுக்குள் என்று மொத்தம் ஏறக்குறைய 600 நிணநீர் முடிச்சுகள். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்த முடிச்சு வீங்குவதுதான். தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்று கேலியாகச் சொல்வோம். உடம்பைப் பொறுத்தவரை நெறிக்கு முகவரி உண்டு: பல்லில் கோளாறு என்றால் தாடைக்கு அடியில், கையில் புண் என்றால் அக்குளில். புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். எந்தப் புண்ணும் இல்லாமல் கட்டி, வற்றாமல் நிற்கிற நெறியைத்தான் விசாரிக்க வேண்டும்.

3. காவல்காரனே எதிரியானால்?

இந்த முடிச்சுகளில் இருந்து கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுவுக்கு லிம்போசைட் என்று பெயர். அதில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகினால் வருவது லிம்போமா. இது ஒரே நோய் என்று நினைத்தீர்களா? 60-க்கும் மேற்பட்ட வகைகள்! அவற்றை ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதவை என்று இரண்டு குடும்பமாகப் பிரிக்கிறார்கள். 2022-ல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள், ஹாட்ஜ்கின் அல்லாத வகையில் சுமார் 5.5 லட்சம் பேர். ஹாட்ஜ்கின் வகையில் சுமார் 82,000 பேர். ஹாட்ஜ்கின் வகை இளவட்டங்களையும் தேடி வரும், கல்லூரிப் பிள்ளைகளைக்கூட!

4. வலித்தால் ஓடுவோம், வலிக்காததால் விட்டுவிடுகிறோம்!

கிருமியால் வீங்கிய நெறி தொட்டாலே வலிக்கும். லிம்போமாக் கட்டி பெரும்பாலும் வலிக்காது! ரப்பர் மாதிரி இருக்கும், தள்ளினால் நகரும், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் அல்லது மெல்ல வளரும். 'வலி இல்லை, அதனால் ஒன்றுமில்லை' என்று நாம் போடும் கணக்கு இங்கே தலைகீழ். மிகச் சில ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு மட்டும் ஒரு விசித்திரம்: மது குடித்த சில நிமிஷங்களில் கட்டி வலிக்கும்! வேறு சிலருக்குத் தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கும்.

5. மார்கழியில் வியர்க்கிறதா?

சித்திரையில் நெய்வேலிப் பக்கம் வியர்க்காத ஆள் உண்டா? அதைச் சொல்லவில்லை. மார்கழிக் குளிரிலும் படுக்கை விரிப்பைப் பிழியலாம் போல இரவில் வியர்ப்பது ஒன்று. காரணம் தெரியாமல் வந்து வந்து போகும் 38 டிகிரி செல்சியஸுக்கு மேலான காய்ச்சல் இரண்டு. சாப்பாட்டைக் குறைக்காமலே ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ ஆள் 6 கிலோ இளைப்பது மூன்று. லிம்போமாவில் இந்த மூன்றையும் டாக்டர்கள் 'பி அறிகுறிகள்' என்கிறார்கள். இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்!

6. இந்த மூன்றும் இன்னொரு நோய்க்கும் அப்படியே பொருந்தும். அது எது தெரியுமா?

காசநோய்! இரவு வியர்வை, காய்ச்சல், இளைப்பு, கழுத்தில் கட்டி… அச்சு அசல் அதே! நுரையீரலை விட்டு வெளியே வரும் காசநோயில் நம் நாட்டில் மிகச் சாதாரணமானது கழுத்து முடிச்சுகளில் வருவதுதான். நம் பெரியவர்கள் கண்டமாலை என்றார்கள். அதனால் கழுத்தில் கட்டி என்றதும் சில இடங்களில் சதையை எடுத்துப் பார்க்காமலே டி.பி. மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். நோய் காசநோயாகவே இருந்தால் குணமாகிவிடும். லிம்போமாவாக இருந்தால் மாதங்கள் வீணாகப் போகின்றன. இந்தியாவில் லிம்போமா தாமதமாகத் தெரியவருவதற்கு டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆக, டி.பி. மருந்து சாப்பிட்டும் கட்டி கரையவில்லையா? 'சதை எடுத்துப் பார்த்தீங்களா சார்?' என்று கேட்பது மரியாதைக் குறைவே அல்ல!

7. நூறில் ஒன்றைத் தேடும் வேட்டை!

ஹாட்ஜ்கின் கட்டியில் புற்று அணு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பல சமயம் வெறும் நூற்றில் ஒன்று! மிச்சமெல்லாம் அதைச் சுற்றிக் கூடிய சாதாரண அணுக்கள். ஆந்தையின் இரு கண்களைப் போல இரண்டு பெரிய கருக்கள் கொண்ட அந்த அணுவை 1898-ல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் விவரித்தார்; ஆனால் அதையும் காசநோயின் ஒரு வகை என்றே நம்பினார். ‘இல்லை, இது வேறு நோய்’ என்று 1902-ல் அடித்துச் சொன்னவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த இளம் பெண் டாக்டர் டோரதி ரீட்! நூறு வருஷத்துக்கு முன்பே பெரிய ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிய ஜோடி காசநோயும் லிம்போமாவும் என்றால், நம் ஊர் கிளினிக்கில் குழம்புவதில் என்ன வியப்பு? நூற்றில் ஒன்றுதான் புற்று அணு என்பதால், ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கும் சோதனை மட்டும் போதாது. அந்த ஒரு அணு ஊசிக்குச் சிக்காமல் போகலாம். முடிந்தவரை முடிச்சை முழுசாக எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

8. 94 வருஷம் கழித்தும் பேசிய சதை!

1832-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் ஏழு பேரின் நோய் விவரத்தை எழுதினார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கவில்லை; இறந்தவர்களின் உடலைத் திறந்து வெறும் கண்ணால் பார்த்தே ‘இது புது நோய்’ என்றார்! பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1865-ல் சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர்தான் நோய்க்கு அவர் பெயரை வைத்தார். இன்னும் கேளுங்கள்: அருங்காட்சியகத்தில் பாதுகாத்திருந்த அந்தப் பழைய சதைகளில் மூன்றை 1926-ல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரண்டு அசல் ஹாட்ஜ்கின்! ஆகவே, ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்துத் தரும் சதைக் கட்டையையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் வந்தால் அதே சதையை வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி சோதிக்கலாம்.

9. கத்தி பட்டால் பரவுமா?

பரவாது! ஊரெல்லாம் உலவும் இந்தப் பயம் பலருடைய நாட்களைத் தின்றிருக்கிறது. சதை எடுப்பதால் லிம்போமா பரவுவதில்லை. எடுக்காமல் விட்டால்தான் எந்த வகை என்றே தெரியாது. வகை தெரியாமல் மருந்தும் கிடையாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: சதை எடுப்பதற்கு முன்பே ஸ்டீராய்டு சாப்பிடுவது. ஸ்டீராய்டு லிம்போமா அணுக்களைக் கொல்லும். கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், ‘குணமாகிவிட்டது’ என்று தோன்றும், சோதனையும் தெளிவில்லாமல் போகும். கொஞ்ச நாளில் கட்டி திரும்பி வரும். என்ன மருந்து என்று சொல்லாமல் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கி விழுங்காதீர்கள்!

10. ஒன்று இரண்டே நாளில் இரட்டிக்கும்; இன்னொன்றுக்கு மருந்தே வேண்டாம்!

பர்கிட் என்ற வகை ஒன்று அல்லது இரண்டு நாளிலேயே இரட்டிப்பாகப் பெருகக்கூடியது. மனித உடம்பில் மிக வேகமாக வளரும் புற்றுகளில் ஒன்று! அங்கே நாட்கணக்குதான், வாரக்கணக்கு இல்லை. ஃபாலிகுலர் என்ற வகையோ ஆமை வேகம். தொந்தரவு இல்லாத சிலருக்கு டாக்டர்கள் எந்த மருந்தும் தராமல், குறித்த இடைவெளியில் வரச் சொல்லி வருஷக்கணக்கில் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அதுவும் ஒரு சிகிச்சை முறைதான்!

11. பழைய காரில் 16,000 கிலோமீட்டர், கடைசியில் ஒரு வைரஸ்!

உகாண்டாவில் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்த டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வரும் விசித்திரக் கட்டியைக் கவனித்தார். 1961-ல் இரண்டு நண்பர்களோடு பழைய ஃபோர்டு வண்டியில் பத்து வாரம், சுமார் 16,000 கிலோமீட்டர் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நோய் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டார். அதே வருஷம் லண்டனில் அவர் பேச்சைக் கேட்டு அசந்துபோனவர் ஆன்டனி எப்ஸ்டீன். 1964-ல் அந்தக் கட்டியின் அணுக்களுக்குள் எப்ஸ்டீன் குழு கண்டுபிடித்ததுதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ்: மனிதப் புற்றோடு தொடர்பு தெரியவந்த முதல் வைரஸ்! உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது உடம்பில் உண்டு. மிகப் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் தராது. உகாண்டாவில் இதே நோய்க்குச் சிகிச்சை தந்த இயன் மக்ராத், பிறகு அமெரிக்காவிலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனத்தோடு கைகோத்து, 1980-களில் இந்தியக் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கான சிகிச்சைத் திட்டத்தை உருவாக்க உதவினார்!

12. ஆன்டிபயாடிக் மாத்திரையில் கரையும் புற்று!

நம்ப முடிகிறதா? வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமி, வயிற்றில் ‘மால்ட்’ என்ற ஒரு வகை லிம்போமாவையும் உண்டாக்கும். 1993-ல் பீட்டர் ஐசக்சனின் குழு, ஆறு நோயாளிகளுக்கு அந்தக் கிருமியை ஒழிக்கும் மருந்து கொடுத்தது. ஐந்து பேருக்குக் கட்டி மறைந்தது! கீமோ இல்லை, கத்தி இல்லை. ஒரே நிபந்தனை: நோய் வயிற்றைத் தாண்டுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே ‘அல்சர்தானே’ என்று வருஷக்கணக்கில் ஜெலுசில் குடித்துக் காலம் தள்ளுகிறவர்கள் ஒரு முறை எண்டோஸ்கோபி பார்த்துவிடுவது நல்லது.

13. கொல்ல வந்த விஷம், காக்க வந்த மருந்து!

முதல் உலகப் போரில் சிப்பாய்களைப் பொசுக்கிய மஸ்டர்ட் வாயு வெள்ளை அணுக்களை அழிப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். ‘அப்படியானால் வெள்ளை அணுப் புற்றை?’ என்று யோசித்தார்கள் யேல் பல்கலைக்கழகத்தின் குட்மேனும் கில்மேனும். 1942 ஆகஸ்டில், லிம்போமாவால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒருவருக்கு அதன் உறவுப் பொருளை ஊசியில் ஏற்றினார்கள். கட்டிகள் உருகின! சில வாரங்களில் நோய் திரும்பியது உண்மை. ஆனால் நவீன கீமோதெரபி பிறந்தது அந்தப் படுக்கையருகில்தான். போர் ரகசியம் என்பதால் 1946 வரை உலகத்துக்குச் சொல்லவில்லை.

14. வேலியோரப் பூவில் உயிர் மருந்து!

வாய்க்கால் கரையிலும் சுடுகாட்டோரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வருஷம் முழுக்கப் பூக்கிறதே நித்தியகல்யாணி, அதன் இலையிலிருந்து வந்ததுதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அதைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணு இறங்கியது! டன் கணக்கில் காய்ந்த இலையிலிருந்து சில கிராம்தான் தேறும். இன்றும் லிம்போமா சிகிச்சையில் இவை முன்வரிசை மருந்துகள். அதற்காக இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். இலைக்குள் இருப்பது கடும் விஷம். அளந்து, ரத்தக் குழாயில் ஏற்றினால் மட்டுமே மருந்து!

15. ‘கரண்ட் வைத்தால்’ குணமாகும் என்று முதலில் சொன்னவர் யார்?

டொரான்டோவின் டாக்டர் வேரா பீட்டர்ஸ். ஹாட்ஜ்கின் என்றாலே மரணம் என்றிருந்த காலத்தில், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் கதிர்வீச்சு கொடுத்தால் பலர் பிழைக்கிறார்கள் என்று 1950-ல் கணக்கோடு காட்டினார். பல வருஷம் பலர் நம்பவில்லை! நம் பக்கத்தில், தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் போராடியதில் 1954-ல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 12 படுக்கைகளோடு திறந்தது. மூன்றே வருஷத்தில், 1957-ல், கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரமும் அங்கே வந்துவிட்டது.

16. சர்க்கரை காட்டிக் கொடுக்கும்!

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலைச் சர்க்கரை இல்லை, இது வேறு சர்க்கரை! பெட் ஸ்கேனுக்கு முன்னால், லேசான கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் செலுத்துவார்கள். வேகமாக வளரும் லிம்போமா அணு அதை ஆவலாக விழுங்கும். விழுங்கிய இடமெல்லாம் படத்தில் ஒளிரும். மூளையும் ஒளிரும், அதற்கும் குளுக்கோஸ்தான் தீனி! இரண்டு மணி நேரத்துக்குள் கதிரியக்கம் பாதியாகிவிடும். இதை வைத்து ‘சர்க்கரை சாப்பிட்டால் புற்று வரும்’ என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள், அது வேறு கதை.

17. வயல்காரர்கள் கவனத்துக்கு!

பழைய விவசாயிகளுக்கு காமாக்சின் பவுடர் நினைவிருக்கும். அதன் உள்ளே இருந்த லிண்டேன் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. இந்தியாவில் அதற்கு முன்பே தடை வந்துவிட்டது. மருந்து தூவிய எல்லோருக்கும் நோய் வரும் என்று பொருள் இல்லை. ஆனால் கரும்புக்கும் நெல்லுக்கும் எந்த மருந்து அடித்தாலும் முகத்தை மூடுங்கள், கையுறை போடுங்கள், அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

18. நாலாம் கட்டம் என்றால் முடிவா?

இல்லவே இல்லை! மற்ற பல புற்றுகளுக்கும் லிம்போமாவுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். ஹாட்ஜ்கின் வகையில் முற்றிய நிலையிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆரம்ப நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல்! 'அப்படியானால் அவசரம் எதற்கு?' என்கிறீர்களா? 2010-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றைப் பாருங்கள்: சாதகமான ஆரம்ப நிலை ஹாட்ஜ்கினுக்கு இரண்டு சுற்று கீமோவும் குறைந்த அளவுக் கதிர்வீச்சும் போதும், இரு மடங்கு கீமோவும் கூடுதல் கதிர்வீச்சும் கொடுத்ததற்குச் சமமான பலன். முற்றிய நிலையில் ஆறு சுற்றுகள் வரை போகும். இரண்டு மாதமா, ஆறு மாதமா? இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடிய மருந்து கொஞ்சமா, நிறையவா? ஒரு போகம் விட்டுப்போவதா, வருஷமே போவதா? சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரோடு சேர்த்து இத்தனையும் மிச்சம்!

19. ‘மகாராஜா’ பட நடிகைக்கும் வந்தது!

‘சிவப்பதிகாரம்’ முதல் 2024-ன் ‘மகாராஜா’ வரை தமிழில் நடித்த மம்தா மோகன்தாஸுக்கு இருபதுகளின் நடுவிலேயே ஹாட்ஜ்கின் லிம்போமா வந்தது. 2013-ல் திரும்பவும் வந்தது. அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகப் பேசினார், சிகிச்சை எடுத்தார், இன்றும் நடிக்கிறார். ‘வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதே’ என்று ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

20. நோயாளியின் அணுவே மருந்தாகிறது!

1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப், புற்றுநோய்க்கு எதிராக அங்கே அனுமதி கிடைத்த முதல் ஆன்டிபாடி மருந்து. 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் அதற்கு இணையான மருந்தைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. அடுத்த பாய்ச்சல்: நோயாளியின் ரத்தத்திலிருந்து டி அணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் பழக்கி, திரும்பவும் அவருக்கே ஏற்றும் கார்-டி சிகிச்சை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய இந்தியாவின் முதல் கார்-டி 2023-ல் அனுமதி பெற்றது. மற்ற மருந்துகளுக்கு மசியாத சில லிம்போமாக்களுக்கு அது இன்னொரு வாய்ப்பு. வெளிநாட்டு விலையில் சின்னப் பங்குதான் என்றாலும் பல லட்சம் ரூபாய் ஆகும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் இத்தனை தூரம் போகத் தேவை வராமலே பலர் குணமாகிவிடுகிறார்கள்.

21. அப்போ, என்ன செய்ய வேண்டும்?

குளிக்கும்போது மாதம் ஒரு முறை கழுத்தின் இரு பக்கம், காறை எலும்புக்கு மேல் குழி, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கோலிக்குண்டு அளவுக் கட்டி மூன்று, நான்கு வாரம் வற்றாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். காறை எலும்புக்கு மேல் என்றால் வாரக் கணக்கே வேண்டாம், உடனே! பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவைதான். அதையும் டாக்டர் சொல்லிக் கேட்பதே நிம்மதி.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும். சந்தேகம் இருந்தால் 104-க்கு ஒரு போன் போடுங்கள். டாக்டரிடம் மூன்றே கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள்: இது டி.பி.தான் என்று எந்தச் சோதனை சொன்னது? சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா? ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது?

செப்டம்பர் 15 உலக லிம்போமா விழிப்புணர்வு நாள், தெரியுமா? அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கழுத்தைத் தடவிப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்!